விட்டேன், டாக்டர்

"ஹார்ன அமுத்துடா குகன். ஸ்ட்ராபெரி கும்பலுக்குக் காது கேக்கட்டும்."

இடது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு அமிர்தலிங்கம் லோரிக்குள் குதித்தார். மலைச்சந்தையான கியா பார்மில் சனிக்கிழமைச் சுற்றுலாக் கூட்டம் ரோட்டை மறித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஈப்போ கண் டாக்டரிடம் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம்.

அந்தக் கண்ணின் கருவிழி அவருடையதல்ல. யாரோ ஒரு புண்ணியவான் செத்தும் கொடுத்தது; வைத்து ஆறு மாதம். இன்று காலையில் கண் பழுத்த மிளகாயாய்ச் சிவந்து, வெளிச்சம் குத்தி, எதிரே நின்ற மனைவி பாஞ்சாலை பனிமூட்டத்துக்குள் போய்விட்டாள். இந்த மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே ஓடிவரச் சொல்லியிருந்தார் டாக்டர் சசிரேகா. தாமதித்தால் கண் போச்சு. கண் போனால் நாளைய கேரம் ஃபைனலும் போச்சு. எது பெரிய நஷ்டம் என்று அமிர்தலிங்கத்தாலேயே தீர்மானிக்க முடியவில்லை.

ஃபைனலில் எதிராளி குகன்தான். நாலு வருஷமாய் அவரிடம் தோற்கிறவன். தோட்டத்தில் லோரி ஓட்ட இன்று வேறு ஆளில்லை.

"ஏண்ணே, வந்த கண்ண உங்க உடம்பு வாழ விடாதா?"

"உடம்புக்குள்ள ஒரு இமிகிரேஷன் இருக்காம் லா. வெளி ஆளுன்னு தெரிஞ்சா ரெய்டு வந்துருமாம்."

"பெர்மிட் எடுக்க வேண்டியதுதானே?"

"ஆபீசருங்கள தூங்க வைக்கத்தான் சொட்டு மருந்து குடுத்தாங்க."

"பின்ன எப்படி முழிச்சான்?"

அமிர்தலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈப்போவில் டாக்டர் சசிரேகா கருவி வழியாகக் கண்ணைப் பார்த்தார். கருவிழியின் உட்புறம் வெள்ளை அணுக்கள் கோடு கட்டி நின்றன. ரெய்டு தொடங்கிவிட்டது.

"ஸ்டீராய்டு சொட்டு விட்டீங்களா?"

"விட்டேன், டாக்டர்."

"நாலு வேளையும்?"

"நாலு வேளையும் விட்டாச்சு."

"கடைசியா எப்ப?"

"போன வாரம் புதன்கிழமை விட்டேன். அதோட தொடல."

டாக்டர் கருவியிலிருந்து முகத்தை எடுத்தார். அவர் கேட்டது கண்ணில் ஊற்றின 'விட்டேன்'. இவர் சொன்னது கைகழுவின 'விட்டேன்'.

"கண்ணு காஞ்சா போடுற கண்ணீர் சொட்டு மட்டும் போட்டேன் டாக்டர். அதுல ஸ்டீராய்டு கிடையாதுல்ல."

"ஸ்டீராய்டு உங்கள என்ன பண்ணுச்சு?"

"நாளைக்கு கேரம் ஃபைனலு. மூத்திரத்துல காட்டிக்குடுத்துருமே."

டாக்டர் சிரிப்பை இருமலாக்கப் பார்த்துத் தோற்றார். "விரலால சுண்டுறதுக்கு ஊக்கமருந்து சோதனையா?"

"சிரிக்காதீங்க. கண்ணு என்னாகும்?"

"காஞ்ச கண்ணுல இது சீக்கிரம் பத்திக்கும். நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. இனி மணிக்கு ஒரு சொட்டு. காப்பாத்திரலாம்னு நம்புறேன். ஆனா நாளைக்குப் போட்டி கிடையாது, இங்கதான் படுக்கை." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "இந்தச் சோதனைய யாரு சொன்னது?"

"கோயில் மண்டபத்துல நோட்டீஸே ஒட்டியிருந்துச்சு. கீழ ரப்பர் முத்திரை சாப்பு குத்தி, முறையா."

வாசலில் நின்ற குகன் லோரி சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"அத ஒட்டுனது நான்தாண்ணே. பேர வாபஸ் வாங்கிருவீங்கன்னு பாத்தேன்."