திருப்பி அனுப்பிய தூரியன்

முப்பத்தொரு ஆண்டுகள் பிறருடைய பிழைகளைத் திருத்தியவன் நான். ஆகவே, என் மகள் ஹுஸ்னியாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் மீராசா அனுப்பிய தூரியன் பழத்தில் ஒரு சுளையைத் தின்றதும், அது பழுதான பழமென்று தீர்ப்பளிக்க எனக்குத் தயக்கமிருக்கவில்லை. அப்படிக் கசந்தது. நல்ல காரியம் பேசிய வீட்டுக்கு இனிப்பானதை அனுப்புவதே கல்முனையில் நாம் அறிந்த மரியாதை. எஞ்சிய பழத்தை அதே பெட்டியில் வைத்துக் கட்டி, முச்சக்கரவண்டியில் ஏற்றி, அட்டாளைச்சேனையில் அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகுதான் என் மனைவி ஜெமீலாவுக்கு விடயம் தெரிந்தது.

"மாப்பிள்ள வீட்டுப் பெட்டியத் திருப்பினா சம்பந்தம் வேணாமெண்டுதானே அர்த்தம்? இது தெரியாமலா இவ்வளவு காலமும் படிப்பிச்ச நீங்க?"

ஹுஸ்னியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் திருப்பியது பழத்தை மட்டுமே. சம்பந்தமும் அந்தப் பெட்டிக்குள் எப்போது ஏறியது?

மறுநாட் காலை ஜெமீலாவுடன் மீராசாவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில், நான் பழுதென்று ஒதுக்கிய அதே பழத்தைச் சுற்றி மூவர் அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"சேர் பெயிலாக்கின பழத்துக்குத்தான் நாங்க விடியவே ஒலுவில்ல இருந்து வந்திருக்கம்."

மீராசா சிரிக்காமல் விளக்கினார். மலேசியாவிலிருந்து வந்த இனமாம். கம்பளையில் நண்பரின் தோட்டத்தில் ஒட்டுக்கட்டி, எட்டு ஆண்டுகள் காத்திருந்து, இம்முறைதான் நான்கு காய்கள் கிடைத்தனவாம். இனிப்புத் தூரியன் எங்கும் கிடைக்குமென்றும், ருசி தெரிந்தவர்கள் கசப்பைத்தான் தேடி அலைவார்களென்றும் சொன்னார்.

"நாலுலயும் நல்லாக் கசக்கிறதத்தான் உங்களுக்கெண்டு எடுத்து வெச்சன், சேர்."

பிறகு, எஞ்சியிருந்த கடைசிச் சுளையை என் பக்கம் தள்ளினார். ஜெமீலா என் முகத்தையே பார்த்தாள். தின்றேன். எப்படியிருக்கிறதென்று கேட்டார். மகளுக்காகவேனும் இனிக்கிறதென்று சொல்லிவிடலாமா என யோசித்தேன். எனக்குப் பொய் வரவில்லை.

"கசக்குது," என்றேன்.

மீராசாவின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்றவர், ஜெமீலாவிடம் நிக்காஹ்வுக்கு நாள் கேட்டார்.

நேற்று இதே கசப்புத்தானே சம்பந்தத்தை முறிக்கப் பார்த்தது? திரும்பும் வழியில், பேருந்தில் ஜெமீலா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். நாக்கில் அந்தக் கசப்பு இன்னும் இருந்தது. ஏனென்று தெரியவில்லை, நான் வாங்கிக் குடிக்கவில்லை.