நூற்றுப்பத்து கோடி ஆண்டு

அந்த எண் பொய் என்று வர்ஷினிக்கு ஆறு வருடமாகத் தெரியும். தன் ஆய்வேட்டில் அவள் ஒரு பாறைக்குக் கொடுத்த வயது, நூற்றுப்பத்து கோடி ஆண்டு. அந்தக் காலத்தில் அந்தப் பாறையில் ஒரு மண்ணும் நடக்கவில்லை.

பாறைக்குள் இருக்கும் சிர்க்கோன் என்ற கனிம மணியில் அகப்பட்ட யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகும். இரண்டையும் அளந்தால் மணி பிறந்த காலம் கிடைக்கும். பாறை மறுபடி சூட்டில் வெந்தால் பழைய மணியைச் சுற்றிப் புது ஓடு வளரும். வர்ஷினி அவசரத்தில் அளக்கும் லேசர் கதிரை இரண்டும் சேரும் இடத்தில் விட்டுவிட்டாள். நூற்றெண்பது கோடி வயதான உள்மணியும் ஐம்பத்தைந்து கோடி வயதான ஓடும் கலந்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு வயது வந்தது.

"என்ட பழைய பேப்பரோட அச்சொட்டா ஒத்துப்போகுது, விடுங்கோ," என்றார் பேராசிரியர் நாராயணன். அவர் கையெழுத்தில்லாமல் பட்டமில்லை, பட்டமில்லாமல் விரிவுரையாளர் வேலையில்லை. வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து வகுப்பில் அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

முன்பு அவளிடம் படித்து, இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் டில்ஷானி அந்த மணிகளை மறுபடி அளக்கக் கேட்டு வீட்டுக்கு வருகிறாள். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிவிட்டாளாம். மணிகள் பதித்த பிசின் வில்லை, கொரோனாவில் ஆய்வுகூடத்தைப் பூட்டிய நாளிலிருந்து வெள்ளவத்தை ஃபிளாட்டில் அலுமாரிக்குள் கிடக்கிறது. வேறு மணி எடுக்கவும் வழியில்லை. கல்லெடுத்த இடத்தை நீர்த்தேக்கம் விழுங்கிவிட்டது.

வர்ஷினி குசினிக் கதவைச் சாத்தினாள். நாலாம் மாடி, கிறில் போட்ட யன்னல், கீழே பஸ்கள் இரையும் காலி வீதி. எங்கே ஓடுவது? அரத்தாளைப் பாத்திரம் கழுவும் குழாயில் நனைத்து வில்லையைத் தேய்த்தாள். மெருகூட்டும்போது கை தவறிவிட்டது என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? இருபத்திரண்டு மணிகளும் பால் நிறத் தண்ணீராய்ப் போயின. வெட்கமாக இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

டில்ஷானி வந்து அமர்ந்ததும் பையிலிருந்து வர்ஷினியின் ஆய்வேட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்திலிருந்த மணியின் படத்தைக் காட்டினாள்.

"மிஸ், ஓடும் உள்மணியும் இதில வடிவாத் தெரியுது. கதிர் ரெண்டிலயும் பட்டிருக்கு."

"ஓம்," என்றாள் வர்ஷினி. ஆறு வருடத்தில் முதல் தடவை ஒத்துக்கொண்டாள்.

"நான் பிழை பிடிக்க வரேல்ல. எனக்கும் முதல்ல இப்பிடித்தான் பிழைச்சது. அதே மணியளில இடம் மாத்தி அளந்தா ரெண்டு வயசும் வரும். நீங்களே திருத்தி எழுதினதா இருக்கட்டும். பேப்பரில உங்கட பேர் முதல்ல, என்ட பேர் பிறகு. நாராயணன் சேரும் ரிட்டயர் ஆகிட்டார்தானே."

வர்ஷினியின் நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள். கையை மடிக்குள் மறைத்தாள். ஒரு மணித்தியாலம், ஒரேயொரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம்.

"வில்லை எங்க, மிஸ்?"

கொண்டுவந்து கொடுத்தாள். "மெருகூட்டேக்க கை தவறிட்டுது."

டில்ஷானி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு வர்ஷினியின் நகங்களைப் பார்த்தாள்.

"படத்தை மட்டும் வச்சு ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டினம்," என்றாள். "அப்ப நூற்றுப்பத்து கோடி எண்டே இருக்கட்டும், மிஸ்."