முதுகிலிருந்து உதிர்ந்த பெயர்

லைல் ப்ரோஹஸ்காவின் குடும்பப் பெயர் ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை மாலை ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு அவன் சட்டை முதுகிலிருந்து உதிர்ந்து விழுந்தது. எட்டு ஆங்கில எழுத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் புல்லில் விழுந்ததை மைதானத்தின் வடக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அன்று குளிர் நான்கு டிகிரி, மழை இல்லை, காற்றும் பெரிதாக இல்லை. நான்காம் எண் மட்டும் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைகளைக் கவனித்துக்கொள்கிற ஆள் ஓடிப்போய் எழுத்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது.

எங்கள் ஊரான கார்வர்ஸ்போர்ட்டில் ஆட்டத்துக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. ஒலிபெருக்கியில் மர்வின் டட்டில் வீரனின் எண்ணையும் முதல் பெயரையும் மட்டும் சொல்லுவார். குடும்பப் பெயரை ஆறாயிரம் பேரும் சேர்ந்து கத்த வேண்டும். அன்று டட்டில், "நம்பர் நாலு, லைல்..." என்று சொல்லி நிறுத்தினார். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. வறுத்த சாசேஜ் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதைக்கூட நிறுத்தினார்கள். வடக்குப் பக்கத்துக் கூட்டத்தின் தலைவி பெவ் ஸ்டான்கோ, முரசுக் குச்சியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். டட்டில் ஐந்து நொடி காத்திருந்துவிட்டு ஐந்தாம் நம்பருக்குப் போனார். அந்த ஐந்து நொடியில்தான் அது நடந்தது.

ஊர் அவ்வளவு கோபப்படக் காரணம் இருந்தது. எங்கள் மைதானம் இரண்டு விளையாட்டுக்குப் பொது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடுகிற பந்துக்கு வெள்ளைக் கோடு. சனிக்கிழமை எங்கள் காற்பந்துக்கு மஞ்சள் கோடு. வெள்ளைக் கோட்டு ஆட்டத்தின் கோல் எல்லை எங்கள் கோலுக்கு ஐந்து கெஜம் முன்னாலேயே வந்துவிடும். லைல் இந்த ஊரிலேயே பிறந்தவன். பதினேழு வயது வரை ஹெல்மெட் ஆட்டமும் ஆடியவன். முந்தைய நவம்பரில், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பெல்மோரோடு நடந்த இறுதிப் போட்டியில், எண்பத்தெட்டாவது நிமிடம், பந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி உருண்டது. வெளியே போய்விட்டது என்று நினைத்து, பத்து ஆண்டு அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரன் லைல் குனிந்து பந்தைக் கையில் எடுத்து கோல்கீப்பரிடம் நீட்டினான். பந்து மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. பெனால்டி. பெல்மோர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து போயிற்று. வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது, அவனுக்கு வெள்ளைக் கோடு கண்ணில்கூடப் படாது. அதுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சல்.

பெயரை மறுபடி ஒட்டினார்கள், மறுபடி விழுந்தது. நூலால் தைத்தார்கள், நூல் மட்டும் நின்றது. ஜூன் மாதத்தில் அவன் வீட்டுத் தபால் பெட்டி வெறும் தகரமாயிற்று. ஓட்டுநர் உரிமத்தில் அவன் படத்துக்குக் கீழே 'லைல்' என்று மட்டும் இருந்தது. அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தபோது, பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் மட்டும் மை இறங்கவில்லை. நர்ஸ் மூன்று பேனா மாற்றிப் பார்த்தாள். மனைவி டானா அயோவா மாநிலத்துக்காரி, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். "என் பேர வெச்சுக்கட்டும். அது எங்கயும் போகாது" என்றாள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் லைலுக்குச் சுருக்கென்று தைத்தது.

உண்மையில் அவனை உடைத்தது கல்லறைதான். அவன் அப்பா ஆர்னஸ்ட், முப்பத்தொரு வருடம் இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்தவர், குன்றின் மேல் புதைக்கப்பட்டிருந்தார். ஊரில் வேறு ப்ரோஹஸ்கா குடும்பம் கிடையாது. அந்த இலையுதிர் காலத்தில் கல்லில் செதுக்கிய பெயர் மழமழவென்று ஆகிவிட்டது, செதுக்கவே இல்லாததுபோல. அம்மா ஐரீன், தேவாலயச் சமையற்கட்டில் வெள்ளிதோறும் பியரோகிக் கொழுக்கட்டை பிடிக்கிறவள், மாவு ஒட்டிய கையோடு மகன் வீட்டுக்கு வந்து நின்றாள். "உங்கப்பா அனாதை மாதிரி படுத்துக் கெடக்காருடா. நீ பந்தத் தூக்குன, போச்சு. இப்ப அவரு பேரத் தூக்கிட்டு வந்து குடு" என்று சொல்லிவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போனாள்.

லைல் பெவ் ஸ்டான்கோவைத் தேடிப் போனான். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவனையும் எட்டு வருடம் ஏற்றி இறக்கியவள். பேருந்துக் கொட்டகையில் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெவ், ஒரே ஒரு தடவ எங்க பேரச் சொல்லிடுங்க. எனக்காக இல்ல. எங்கப்பா கல்லு வெறுமையா நிக்குது."

"உங்கப்பா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, தங்கமான மனுஷன். ஆனா அவரு பேரச் சொன்னா நீயும் அதுல தொத்திக்கிட்டு ஏறிடுவியே."

"சரி, திட்டவாவது செய்யுங்க."

"திட்டவும் ஒரு பேரு வேணும்ல? அத எங்க போய்த் தேடறது?" என்றாள் பெவ். குழாயைத் திருப்பி அவன் ஷூ மேலும் கொஞ்சம் தண்ணீர் அடித்தாள்.

பெயர் உதிர்ந்த நாளிலிருந்து நான்கு பருவம் அவன் எங்களுக்காக ஆடினான். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அதைவிட நன்றாக யாரும் ஆடியதில்லை. அந்த நான்கு வருடத்தில் எதிரணி ஆள் ஒருவன்கூடப் பந்தோடு அவனைத் தாண்டிப் போகவில்லை. மூக்கு இரண்டு முறை உடைந்தது. நாங்கள் கை தட்டவில்லை. அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் மைதானம் அமைதியாகிவிடும். வெளியே நிறுத்தியிருக்கும் கார்களின் இன்ஜின் ஆறுகிற சத்தம்கூடக் கேட்கும். பள்ளிக் குழந்தைகள் கையெழுத்து வாங்க வந்தால் பெற்றோர் காலரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பியரோகிச் சமையற்கட்டில் ஐரீனின் பக்கத்து மேசை காலியாகவே இருந்தது. இதையெல்லாம் நாங்கள் வெட்கமில்லாமல் செய்தோம், இப்போதும் பெரிதாக வெட்கப்படுவதில்லை.

நான்காம் பருவத்தின் கடைசியில் லைல் ஒன்றைக் கவனித்தான். பெல்மோர்க்காரர்கள் ஆட வந்திருந்தார்கள். அவர்களுடைய முன்கள ஆட்டக்காரன் ஒருவனை வடக்குப் பக்கம் தொண்ணூறு நிமிடமும் பெயர் சொல்லித் திட்டியது. அவன் அம்மாவை, அவன் முடியை, அவன் ஓடுகிற லட்சணத்தை, ஒவ்வொரு வசவுக்கு முன்னாலும் அவன் முழுப் பெயரைச் சேர்த்துத் திட்டியது. அந்த ஆளின் முதுகில் எழுத்துகள் புதிதாக வார்த்ததுபோல் மின்னின. லைல் அந்த முதுகையே பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான். தன் ஊரில் தனக்கு இல்லாத பெயர் எதிரிக்கு இருக்கிறதே என்று நினைத்தான். டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. ஜனவரியில் பாலத்தைக் கடந்து பெல்மோரில் கையெழுத்துப் போட்டான். 'லைல்' என்று மட்டும்தான் போட முடிந்தது.

பெல்மோர்க்காரர்கள் அந்தப் பெனால்டிக்கு நன்றியுள்ளவர்கள். முதல் ஆட்டத்திலேயே எழுந்து நின்று குடும்பப் பெயரை அன்போடு கத்தினார்கள். எழுத்துகள் ஏறின, இடைவேளைக்குள் உதிர்ந்தன. பறித்தவர்கள்தான் திருப்பித் தர வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பெவ்வுக்கும் விளங்கியது. ஜூலையில் பெல்மோர் எங்கள் மைதானத்துக்கு வந்தபோது, அவள் பார்க்கிங்கில் கார் காராகப் போய், யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்தாள். "துரோகிதான், தெரியும். கடுப்பா இருக்கும். பல்லக் கடிச்சுக்குங்க. திட்டுனா அவன் ஜெயிச்சுருவான்."

பல்லைக் கடித்துக்கொண்டோம். எண்பத்து மூன்று நிமிடம் கடித்தோம். லைல் எங்கள் பையன்களின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான். ஆறாயிரம் பேரின் முகமும் சிவந்து வீங்கியது. மூன்று பேரை முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிப் போனார்கள். இருபுறமும் கோல் இல்லை. எண்பத்து நான்காவது நிமிடத்தில் எங்கள் பையன் ஒருவன் பெல்மோர் கோல்கீப்பரைச் சுற்றிப் பந்தைக் காலி கோலை நோக்கித் தட்டினான். பந்து மெதுவாக உருண்டு வெள்ளைக் கோட்டைத் தாண்டியது, வருடங்களுக்கு முன்னால் தாண்டிய அதே இடத்தில். லைல் பின்னாலிருந்து ஓடி வந்தான். ஓடும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் சறுக்கி விழுந்து, குதிகாலால் பந்தை வெளியே தள்ளினான். பிறகு எழுந்து, வடக்குப் பக்கம் திரும்பி, சோப்புப் போட்டுக் கழுவிய கையைக் காட்டுவதுபோல் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான்.

பெவ் ஸ்டான்கோ முரசுக் குச்சியை வீசியெறிந்தாள். "ப்ரோஹஸ்கா! நாசமாப் போறவனே, நீ சோறு தின்னது இந்த ஊருலதானடா, ப்ரோஹஸ்கா!" என்று அலறினாள். சொல்லிவிட்ட பிறகுதான் வாயைப் பொத்தினாள். அதற்குள் ஆறாயிரம் பேரும் பிடித்துக்கொண்டார்கள். நான்கு வருடத்துக்கு மேலான மௌனம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அவ்வளவு கேவலமான வசவுகளை எங்கள் ஊர் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் அந்தப் பெயர் இருந்தது. எட்டு எழுத்துகளும் இடது தோளிலிருந்து வலது தோள்வரை வரிசையாக வந்து உட்கார்ந்தன. லைல் முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டான். அழுதானா வியர்வையா என்று கேட்டால், அழுதான். ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது.

மறுநாள் காலை ஐரீன் குன்றேறிப் போய்ப் பார்த்தாள். கல்லில் பெயர் திரும்பியிருந்தது, முன்பைவிட ஆழமாக. குழந்தையின் சான்றிதழிலும் கட்டம் நிரம்பிவிட்டது. டானா தன் பெயரையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால் அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பெயர்.

லைல் பெல்மோருக்கு இன்னும் மூன்று பருவம் ஆடி ஓய்வுபெற்றான். வசவு ஒருமுறை போதாது, வருடத்துக்கு ஒன்று வேண்டும் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு ஜூலையிலும், பெல்மோர் எங்களிடம் ஆட வரும்போது, அவன் டிக்கெட் வாங்கி வந்து, எண்பத்து நான்காவது நிமிடத்தில் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறான். நாங்களும் குறை வைப்பதில்லை. பெவ்வுக்கு இப்போது முழங்கால் வலி, உட்கார்ந்தபடியேதான் தொடங்கிவைக்கிறாள்.

இந்த வருடமும் ஆட்டத்துக்கு முதல் நாள் ஐரீன் மகனுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு மறக்காமப் போயிட்டு வாடா. கல்லுல கடைசி எழுத்து லேசா மங்குது."

"சரிம்மா" என்றான் லைல், பெல்மோர்ச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே.