வலது காலுறை

"போதும் ஃபார்கர், குடுங்க! பளபளன்னுதான இருக்கு!"

மார்சலி பட்டறை மேசைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டாள். ஃபார்கர் விடுகிற மாதிரி இல்லை. துணியால் கத்தியின் அலகை இன்னொரு தடவை துடைத்தார். சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு வருடம் காக்க வைத்த மனிதருக்கு இரண்டு நிமிடம் ஒரு பொருட்டா?

"உங்கப்பா கைக்குப் போற பொருள்மா. ஒரு ரேகை இருந்தாலும் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு."

"அவர் இருந்தாத்தான ஆக்குவாரு! இன்னிக்குத் தாண்டாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க."

ஃபார்கரின் கை அப்படியே நின்றது. "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" கத்தியை உறையில் தள்ளி, பெட்டியில் போட்டு, பெட்டியை அவள் கையில் திணித்தார். அவளுக்கு முன்னால் ஓடிப்போய்க் கார்க் கதவையும் அவரே திறந்துவிட்டார்.

டிங்வாலிலிருந்து கேர்லோக் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மார்சலி ஒரு மணி நேரத்தில் போய்விடுவதென்று கிளம்பினாள். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு வெறியோடு வண்டியை ஓட்டியது கிடையாது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அப்பா பொய்க்காலைக் கேட்டுவிட்டார், இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் வாயாலேயே கேட்டுவிட்டார்!

அப்பா டோர்க்கிலுக்கு எண்பத்து மூன்று வயது. ஊர் ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டும் கம்பளிப் பாவாடைதான் கில்ட்; அதைக் கட்டுகிற நாளில், முழங்கால் வரை ஏறும் காலுறையின் மடிப்பில், கைப்பிடி மட்டும் வெளியே தெரிய ஒரு சின்னக் கத்தியைச் செருகுவார்கள். ஸ்கியன் டூ என்று அதற்குப் பெயர்; வலதுகைக்காரருக்கு வலது கால், இடதுகைக்காரருக்கு இடது கால். அவருடைய பழைய கத்தி விமான நிலையத்தில் போயிற்று. கல்யாணத்துக்குப் போகிற குஷியில் கில்ட்டும் காலுறையுமாகக் கிளம்பிய மனிதர், கத்தி காலில் இருப்பதையே மறந்து சோதனை வாசலில் போய் நின்றார். சும்மா விடுவார்களா? பிடுங்கிக்கொண்டார்கள். மலையில் தானே பொறுக்கிய மான்கொம்பைக் கைப்பிடிக்குக் கொடுத்து, ஃபார்கரிடம் புதிதாக ஒன்று செய்யச் சொன்னார்.

கத்தி வருவதற்குள் சர்க்கரை நோய் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பொய்க்காலை அலமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். மார்சலி கெஞ்சினாள், கத்தினாள், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இன்று காலை ஃபார்கர் போன் செய்தபோது அப்பா கண் மூடிக் கிடந்தார். "அப்பா, கத்தி ரெடியாம்" என்று அவள் காதில் சொன்னதும் கண் திறந்தது.

"போய் வாங்கிட்டு வா. வரும்போது என் காலு தயாரா இருக்கணும்."

"எதுக்குப்பா சிரமம்? இடது கால்ல செருகிக்கலாமே?"

"நான் என்ன இடதுகைக்காரனா? கெட்ட பேரு வாங்கிக் குடுக்காத. வலது கால்ல போட்டுக்கிட்டு ஒரு தடவை நிக்கணும், அவ்வளவுதான்."

ஏரிக்கரை ஒற்றைத் தடத்தில் ஒரு சுற்றுலாக்காரன் வீடு மாதிரி ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு முன்னால் போனான். ஒதுங்குகிற இடம் வந்தது. அவன் ஒதுங்கவில்லை. இன்னொன்றும் வந்தது. அதற்குப் பக்கத்தில் நிறுத்தி, சன்னல் வழியாக ஏரியைப் படம் எடுத்தான். நிறுத்தியதும் நடுரோட்டில்!

மார்சலி ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அவன் தலையை நீட்டினான். "என்ன அவசரம்?"

"எங்கப்பா சாகப் போறாரு! கத்தியோட போய்ட்டிருக்கேன்! ஒதுங்குய்யா!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. என்ன புரிந்துகொண்டானோ, வண்டி பாதி புல்லில் ஏறுகிற அளவுக்கு ஒதுங்கினான். அதைக் கடந்து இரண்டு மைல் வந்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஐயோ கடவுளே என்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்து ரோடு மங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தாள்.

வீட்டு வாசலில் எஃபி நின்றிருந்தாள். ஒரு மாதமாக வந்து போகிற நர்ஸ். மார்சலிக்குக் கார்க் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

"இருக்காரா?"

"இருக்காராவா? உள்ள வந்து பாரு. அந்தக் காலை மாட்டுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு!"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பைஜாமாவை ஒரு பக்கம் சுருட்டி, அதன்மேலேயே கில்ட்டைச் சுற்றியிருந்தார்கள். மிச்சமிருந்த கால் இளைத்துப் போனதால் பொய்க்கால் பிடிக்கவில்லை. எஃபி மூன்று துணியுறை சுற்றி இறுக்கியிருந்தாள். இரண்டு காலிலும் பச்சைக் காலுறை. முகத்தில் ரத்தமே இல்லை. கண் மட்டும் பெட்டியைப் பார்த்து அலைந்தது.

"இவ்வளவு நேரமா? நடந்தா வந்த?"

மார்சலி பெட்டியைத் திறந்தாள். அவர் கத்தியை உருவினார். கொம்புக் கைப்பிடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார்.

"சீஸ் கொண்டா" என்றார்.

கொண்டு வந்தாள். கத்தியை அவர் யாரையும் தொடவிடவில்லை. மெல்லிசாக மூன்று துண்டு போட்டார். "வெட்டுதுடி!" என்று சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். ஓட்ஸ் பிஸ்கட்டில் வைத்து மூன்று பேரும் தின்றார்கள். அலகைக் கில்ட்டில் தேய்த்து, உறையில் போட்டு, குனிய முடியாமல் குனிந்து, வலது காலுறையில் அவரே செருகினார்.

"இப்ப நிக்கணும்."

"கூடவே கூடாது" என்றாள் எஃபி. "நெஞ்சு தாங்காது பெரியவரே."

"எந்த நெஞ்சு? இதா? இது காலையிலயே விட்டுப் போச்சு. புடிங்க ரெண்டு பேரும்."

எஃபி மார்சலியைப் பார்த்தாள். மார்சலி தலையாட்டினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பொய்க்கால் தரையில் ஊன்றியது. டோர்க்கில் நிமிர்ந்தார். நின்றார்! சன்னலுக்கு வெளியே கடல் முழுக்க வெயில்.

"எப்படி இருக்கேன்?"

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கப்பா."

"பொண்ணு பாரு" என்றார். மூன்று பேரும் சிரித்ததில் எல்லாரும் விழப் பார்த்தார்கள்.

உட்கார வைத்ததும் அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. ஆனாலும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று கிடந்தது. "ஃபார்கர் என்னமோ எழுதியிருக்கான், படி" என்றார். மார்சலி சன்னலோரமாக நின்று வாசித்தாள்.

"சமையல் வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம்."

"சீஸ் வெட்டுறது சமையலா?"

"ஈரம் பட்டால் உடனே பருத்தித் துணியால் துடைக்கவும்."

"கம்பளி நல்லாத்தான் துடைக்குது. அவனுக்கென்ன தெரியும்."

"அலகில் விரல் பட்டால் ஒரு துளி எண்ணெய் தடவவும்."

"பொண்டாட்டியக்கூட... இப்படிப் பாத்துக்கிட்டதில்ல அவன்."

எஃபி களுக்கென்று சிரித்தாள். மார்சலியும் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போனாள்.

"கைப்பிடி மான்கொம்பு. கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வெடிக்கும்."

நிறுத்தினாள். பதில் வரவில்லை. எஃபி குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடிப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. தாளிலிருந்து முகத்தை எடுக்காமல், குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாசித்தாள்.

"அணிந்து முடித்ததும் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தனியாக வைக்கவும். தோல் உறையில் விட்டால் துருப் பிடிக்கும்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. அவள் தாளை மடித்தாள். எஃபி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர் கையை மடியில் வைத்தாள். சுவரோரம் போய் நின்றாள். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

"கத்தியை எடுத்து வெச்சிடவா மார்சலி?"

"அணிஞ்சு முடிச்சதும்னுதான போட்டிருக்கு."

வலது காலுறை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மார்சலி மண்டிபோட்டு அதை மேலே இழுத்து, கைப்பிடி மட்டும் தெரிகிற அளவுக்கு மடித்துவிட்டாள்.