மார்லிஸின் பச்சை நோட்டு

அந்தக் கிழவி தன்னைப் பற்றித்தான் எழுதுகிறாள் என்பதில் பிரென்னாவுக்குத் துளியும் சந்தேகமில்லை. என்ன எழுதுகிறாள் என்பதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

அமெரிக்காவில் ஃபார்கோ நகரத்தில், டாக்டர் லுண்டின் பல் மருத்துவமனையில், வாரம் இரண்டு நாள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது பிரென்னாவின் வேலை. எந்தக் கருவியையும் தொடக்கூடாது. பல் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த நிற்கும் விரதம் உண்டு. கடைசியில் டாக்டர் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தரவேண்டும். போன வருஷம் ஏழு கல்லூரிகள் கைவிரித்துவிட்டன. இந்த வருஷமும் போச்சென்றால் அப்பாவின் டிராக்டர் உதிரிபாகக் கடைதான் கதி.

மார்லிஸ் அங்கே முப்பது வருஷமாக உதவியாளர். பிரென்னா இருமினாலும் திரும்பிப் பார்ப்பாள். உடனே சட்டைப் பையிலிருந்து பச்சை நோட்டு வெளியே வரும். எச்சில் உறிஞ்சும் டியூபைப் பிரென்னாவின் முழங்கை தட்டிவிட்ட அன்று அரைப்பக்கம் எழுதினாள். கிட்டே போனால் பட்டென்று மூடிவிடுவாள். திங்கட்கிழமை கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"அந்தப் பொண்ணுக்குக் கடிதம் எழுதறப்போ இதுல ஒண்ணையும் விட்றாதீங்க டாக்டர்."

பிரென்னா கதவை விட்டுப் பின்வாங்கினாள். டியூப் விழுந்ததைக்கூடவா எழுதப்போகிறார்கள், பாவிகள்!

அன்று சாயங்காலம் அறையில் விண்ணப்பத்தைத் திறந்தாள். 'உங்களுக்காக எழுதப்படும் சிபாரிசுக் கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தது. அவளைப்போலவே பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் அறைத்தோழி கெண்ட்ரா, கைப்பழக்கத்துக்காகச் சாக்பீஸில் கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

"விட்டுக்குடுக்கறேன்னு போட்டு அனுப்புடி. எல்லாரும் அதானே போடறாங்க?"

"எல்லாருக்கும் மார்லிஸ் இருக்காளா?"

"லூசு மாதிரிப் பேசாதே. அனுப்பிட்டா மாத்த முடியாது. நீ என்ன போட்டேன்னு டாக்டருக்கும் தெரியும், காலேஜுக்கும் தெரியும்."

"தெரியட்டுமே. முதுகுக்குப் பின்னால என்ன எழுதறாங்கன்னு எனக்கும் தெரியணும்."

'இல்லை' என்பதை அழுத்தி அனுப்பினாள். அப்பாடா என்றிருந்தது.

வியாழக்கிழமை டாக்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"படிக்கணும்னு போட்டிருந்தே. இந்தா, இதைத்தான் காலேஜுக்கு அனுப்பினேன்."

நான்கே வரிகள். வந்த தேதிகள், நூற்றிருபது மணி நேரம், நேரம் தவறாதவள், கீழே கையெழுத்து. அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் காலி.

"இவ்வளவுதானா டாக்டர்?"

"நீ படிக்கப்போறேன்னு தெரிஞ்சு எழுதற புகழ்ச்சியை எந்தக் காலேஜும் நம்பாதும்மா. உன் மூஞ்சிக்காக எழுதினதுன்னுதான் நினைப்பாங்க. அதான் சந்தேகப்பட முடியாததை மட்டும் எழுதினேன்."

அவர் போனதும் மார்லிஸ் உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மூணு பக்கம் எழுதி வெச்சிருந்தாரு கண்ணு. ஏன் இப்படிப் பண்ணே?" என்று பச்சை நோட்டை அவள் கையில் திணித்தாள்.

பிரென்னா பிரித்தாள். குண்டு குண்டான எழுத்து.

'பயந்து எழுந்துபோகப் பார்த்த விவசாயியைப் பேச்சுக் கொடுத்தே உட்கார வைத்தாள். அதை டாக்டரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.'

'காது கேட்காத அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினாள்.'

'டியூப் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தும், சுத்தமில்லை, மாற்றுங்கள் என்று தானே சொன்னாள். இந்தப் பெண்ணை நம்பி வாயைத் திறக்கலாம்.'

பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. பிரென்னா நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"இதை எங்கிட்ட ஏன் காட்டலை?"

"காட்டினா நீ எனக்காக நடிக்க ஆரம்பிச்சிருவியே."

அடுத்த நோயாளி வந்துவிட்டார். கல்லூரிக்குப் போகிற பையன், ஞானப்பல் எடுக்க வேண்டும், நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். பிரென்னா நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் வீட்டில் வளர்க்கும் நாய்க்குட்டியைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சிரிக்கவைத்தாள். பிடி தளர்ந்தது.

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். பழக்க தோஷத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. பிறகு வெறுங்கையை எடுத்து, மேஜையில் கருவிகளை அடுக்கத் தொடங்கினாள்.