ஊசிக்குப் பக்கத்தில் நின்றவள்

லூகோஜ் நகரில் 1973-இல் ‘ஈர மலை’ என்ற ராக் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் தலை கூரையில் முட்டும்வரை எழும்பினார்கள். பாட்டு முடிந்ததும் மெதுவாக இறங்கினார்கள். எழும்பிய இடத்தைவிட்டு நகர முடியாததால் நடுவில் ஊசியைத் தூக்க ஆளில்லை. இருபத்திரண்டு நிமிடமும் கேட்டே ஆக வேண்டும். அதற்குள் பல வீடுகளில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. பையன்கள் முடி வளர்த்தார்கள், நெசவாலைப் பெண்கள் அந்த மெட்டில் தறி ஓட்டினார்கள். போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்து கூரையில் படிந்த தலை எண்ணெய்க் கறைகளை எண்ணி, பாட்டைக் கேட்டவர்களின் பட்டியல் எடுத்தார்கள்.

பாடல்களை எழுதி ஆர்கன் வாசித்த ஹோரியாவை அடுத்த வருடம் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மார்ச்சில் மூடிய சவப்பெட்டி வந்தது. அவன் மனைவி ஸ்மரந்தா அதைத் திறக்கக் கூடாது என்றார்கள், திறக்கவில்லை. குழுவின் டிரம்ஸ்காரர் லியோந்தின்தான் அவர்கள் திருமணத்தில் ஞானத்தகப்பனாக மெழுகுவர்த்தி பிடித்து நின்றவர். அந்த உறவில் அவள் அவரை ஞானப்பா என்றே அழைத்தாள். ஒவ்வொரு வருடமும் ஹோரியாவின் நினைவு நாளில் முதலில் வந்து, இறந்தவருக்காகப் படைக்கும் இனிப்புக் கோதுமையின் முதல் கரண்டியைச் சாப்பிட்டவரும் அவர்தான். இரண்டாம் பக்கத்தை மட்டும் அவர் தட்டில் போட்டுக் கேட்டதே இல்லை. காட்டிக்கொடுத்தவனை அந்தத் தட்டு தூக்காது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து பல வருடம் கழித்து, ரகசியப் போலீஸ் வைத்திருந்த கணவனின் கோப்பைப் படிக்க ஸ்மரந்தாவுக்கு அனுமதி கிடைத்தது. பாட்டில் வரும் ‘மலை’ எந்தத் தலைவரைக் குறிக்கிறது என்று ஹோரியா தன் வீட்டுச் சமையலறையில் சொன்னது அப்படியே அதில் இருந்தது. தகவல் தந்தவருக்குப் பொய்ப் பெயர். கடைசி வரி: ‘பிளம் கொழுக்கட்டை பரிமாறப்பட்டது. ருசியாக இருந்தது.’ அன்று வந்த விருந்தாளி ஒருவர்தான்.

அவள் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு நேராக லியோந்தின் வீட்டுக்குப் போனாள்.

“ரெண்டாம் பக்கம் கேளுங்க, ஞானப்பா.”

“வேண்டாம்மா. எனக்குக் காது மந்தம்.”

“கொழுக்கட்டை ருசி பார்த்த நாக்கு மந்தமில்லையே.”

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் ஊசியை வைத்தாள். முதலில் அவருடைய செருப்புகள் கழன்று விழுந்தன. பிறகு கை மேசையை விட்டது. கூரை விளக்கின் அருகில் போய் நின்று குழந்தைபோல் அழுதார்.

“என்னையும் தூக்குது பாரு, ஸ்மரந்தா. என்னையும் தூக்குது.”

அவள் கீழே பார்த்தாள். அவள் பாதங்கள் முதல்முறையாக எழும்பாமல் அவருடைய கம்பளத்தின்மேல் இருந்தன. ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நடுவில் தூக்கினால் மேலே இருப்பவர் எப்படி விழுவார் என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. விரலை அதன் அடியில் கொடுத்தாள். அப்போது ஹோரியாவின் ஆர்கன் தொடங்கியது. கையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூட எழும்பவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் நகர மன்றத்தில் ஊரே கூடித் தட்டைக் கேட்கும்போது, ஊசிக்குப் பக்கத்தில் தரையில் நிற்க ஒருவர் வசதியாகக் கிடைத்தார் என்று அவளைக் கூப்பிடுகிறார்கள். லியோந்தினும் வருகிறார், மற்றவர்கள் அளவுக்கே எழும்புகிறார். அவர்கள் மேலே இருக்கையில் உதிர்ந்து கிடக்கும் காலணிகளை அவள் ஜோடி சேர்த்து வைக்கிறாள். அவருடையதை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுகிறாள்.