கெஸ்ஸிக்கைத் தாண்டியாச்சு

அலாஸ்காவில் அந்தக் காலத்து விமானிகளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வான்பாதையில் ஒவ்வொரு ரேடியோ நிலையத்தையும் கடந்த பிறகுதான் 'கடந்தோம்' என்று தரைக்குச் சொல்ல வேண்டும். இவர்களோ நெருங்கும்போதே சொல்லிவிடுவார்கள், அடுத்த அனுமதி சீக்கிரம் கிடைக்குமே என்று. மலைகளுக்குள் ராடார் எட்டாது. விமானி சொல்வதுதான் கணக்கு. நான் துணை விமானியாக இருந்த விமானத்தின் கேப்டன் ராய்ஸ் டாலிவர் இதில் பெரிய கில்லாடி. தன் தம்பி எம்மெட்டுக்கு விமானம் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான்.

அன்று மத்தியானம் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆங்கரேஜுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒன்பதாயிரம் அடி. மலையில் இடிக்காமல் போக அந்தப் பாதையில் அதற்குக் கீழே இறங்கக்கூடாது. கண்ணாடிக்கு வெளியே மேகம் தவிர ஒன்றும் இல்லை. அதே பாதையில் எதிர்த்திசையில், எங்களுக்கு ஆயிரம் அடி மேலே, எம்மெட் டீசல் பீப்பாய்களோடு வந்துகொண்டிருந்தான். கெஸ்ஸிக் நிலையத்தைத் தாண்டிவிட்டதாக அவன் சொன்னது எங்கள் ரேடியோவிலும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அவன் குரல்.

"ஜூடித், இறக்கையில ஐஸ் கட்டிக்கிட்டே போகுது. வண்டி உயரத்துல நிக்க மாட்டேங்குது. ஒம்பதாயிரம் குடுங்க."

"பொறு எம்மெட்," என்றாள் தரையிலிருந்து அனுமதி கொடுக்கும் ஜூடித். "ஒம்பதாயிரத்துல உங்கண்ணன் எதிர்ல வர்றாரு. அவரும் கெஸ்ஸிக்கைத் தாண்டிட்டா உடனே குடுத்துடறேன்."

இரண்டு பேரும் ஒரே நிலையத்தைத் தாண்டிவிட்டால், ஒருவரையொருவர் தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

"பொறுக்க நான் என்ன பஸ்ஸுக்கா நிக்கிறேன்? அண்ணா, சீக்கிரம் வாயேன்."

"இங்க ஐஸே இல்லடா. இறங்கினா சரியாயிடும்," என்றார் ராய்ஸ். அடுத்த மூச்சில், "ஜூடித், கெஸ்ஸிக்கைத் தாண்டியாச்சு."

நான் என் முன்னால் இருந்த, நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். நிலையத்தின் மேலே போனதும் அது பின்பக்கம் திரும்பிவிடும். இன்னும் திரும்பவில்லை.

"கேப்டன், நாம இன்னும் தாண்டல."

"எனக்குக் கண்ணு இல்லையா? அவன் தாண்டி நாலு நிமிஷமாச்சு. நமக்குப் பாக்கி ரெண்டு. இந்நேரம் நம்ம தலைக்கு மேலயே போய் முடிஞ்சிருப்பான். ரெண்டு நிமிஷம் அவன் தாங்க மாட்டான்டா கால்வின்."

எம்மெட் சொன்னது உண்மையாக இருந்தால் அவர் கணக்கில் தப்பில்லை. அந்தப் பாழாய்ப்போன வித்தையைத் தம்பிக்கும் தானே பழக்கியிருக்கிறோம் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஜூடித் அனுமதி கொடுத்தாள். எம்மெட் நன்றி சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேகத்துக்குள்ளிருந்து அவன் விமானம் எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. ராய்ஸ் எங்கள் மூக்கைக் கீழே அழுத்தினார். அவன் மூக்கைத் தூக்கினான். ஐஸ் பிடித்த இறக்கை அதைத் தாங்காது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தூக்காவிட்டால் எங்கள் மேல் மோதியிருப்பான். அவன் விமானத்தின் வெள்ளை வயிறு எங்கள் தலைக்கு மேல் போனது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பின்னால் மேகத்தில் விழுந்தது.

ரேடியோவில் ஒரே ஒரு தடவை கேட்டது. "அண்ணா, நீ தாண்டலையா?"

ராய்ஸ் பொத்தானை அமுக்கினார். "நீயும் தாண்டாமத்தான் சொன்னியாடா?"

ஜூடித் எம்மெட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ராய்ஸ் மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் திட்டக்கூட முடியவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முள் மெல்ல ஆடியது. பிறகு பின்பக்கம் திரும்பியது. ராய்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மைக்கை எடுத்தார்.

"ஜூடித், கெஸ்ஸிக்கைத் தாண்டியாச்சு. இப்பத்தான்."